மகளிர் சுய உதவிக் குழுவுக்கு உறுப்பினர் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி மாவட்டத்துக் கிராம ஊராட்சி ஒன்றில், மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு சார்பில், புதிதாகக் குழு தொடங்க முன்வரும் பெண்களுக்குத் துணை நிற்பது என் பொறுப்பு. குக்கிராமம் மாறினாலும், ஆள் சேர்க்கும் கட்டத்தில் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன். இவை ஊரகப் பகுதிக் குழுக்களுக்கானவை. நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் சில விதிகள் வேறுபடும்.

மகளிர் குழுன்னா அரசாங்கம் நடத்துறதா, நாமளே வெச்சுக்கிறதா?

நீங்களே வைத்துக்கொள்வதுதான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாரந்தோறும் அல்லது மாதமிருமுறை கூடி, ஆளுக்கு ஒரே அளவு தொகையைச் சேமித்து, அந்தப் பணத்திலிருந்தே தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கி (இதுதான் உள்கடன்), கணக்கையும் தாங்களே எழுதி வைப்பதுதான் சுய உதவிக் குழு. பயிற்சி அளிப்பது, தரம் பார்ப்பது (குழு ஒழுங்காக நடக்கிறதா என்று மதிப்பிடுவது), சுழல் நிதி (குழுவுக்குள் கடனாகச் சுற்றிவர அரசு தரும் தொகை) வழங்குவது, வங்கியோடு இணைப்பது ஆகியவை மட்டுமே அரசின் வேலை. உறுப்பினரைச் சேர்ப்பதும் நீக்குவதும், வட்டியையும் கூட்டம் நடக்கும் நாளையும் முடிவு செய்வதும் குழுவின் உரிமை.

தமிழ்நாட்டில் இந்த முறை அரசுத் திட்டமாகத் தொடங்கியது நம் தர்மபுரி மாவட்டத்தில்தான். 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அது இங்கே தொடங்கப்பட்டது. 1992-இல் நபார்டு வங்கி, குழுக்களுக்கு வங்கிகள் நேரடியாகக் கடன் கொடுக்கும் முறையைச் சோதனையாக நாடெங்கும் 500 குழுக்களில் தொடங்கியது. 1997-98-இல் மாநில அரசின் மகளிர் திட்டம் வந்தது. 2011-இல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் தொடங்கப்பட்ட பிறகு, இன்றைய நடைமுறைகள் பெரும்பாலும் அதன் வழியில் அமைந்திருக்கின்றன. எனவே, "இது ஏதோ புதுசா கிளப்பி விட்டிருக்காங்க" என்று தயங்குபவர்களிடம், அவர்களின் அம்மாவோ அத்தையோ ஒரு காலத்தில் குழுவில் இருந்திருப்பார்கள் என்பதை நினைவூட்டலாம். பல வீடுகளில் பழைய சேமிப்புப் பாஸ் புத்தகம் இன்னமும் பீரோவில் கிடக்கிறது.

எத்தனை பேர் வேணும்? பத்துப் பேர் சேர்ந்தா ஆரம்பிச்சிரலாமா?

தேசிய அளவிலான நெறிமுறை 10 முதல் 20 பேர் என்று சொல்கிறது. தமிழ்நாட்டில் 12 முதல் 20 பேர் என்பதே நீண்டகால வழக்கம். மலைக்கிராமங்களிலும், மாற்றுத்திறனாளிகளுக்கான குழுக்களிலும் 5 பேர் இருந்தாலே தொடங்கலாம்.

என் அனுபவத்தில் 14 அல்லது 15 பேர் கொண்ட குழுவே வசதியானது. 12 பேரோடு தொடங்கினால், ஒருவர் மகளின் பிரசவத்துக்கென்று ஊருக்குப் போய், இன்னொருவர் வீடு மாறிப் போனாலே எண்ணிக்கை குறைந்துவிடும். 20 பேரோடு தொடங்கினால், கடன் கேட்டவருக்குத் தன் முறை வருவதற்குள் பொறுமை போய்விடும்.

யார் வேணாலும் சேரலாமா? வயசுக் கணக்கு இருக்குதா?

18 வயது நிறைந்து 60 வயதுக்கு உட்பட்ட, அதே குடியிருப்பில் நிலையாக வசிக்கும் பெண்கள் சேரலாம். திருமணமானவர், ஆகாதவர், கணவரை இழந்தவர், கணவரைப் பிரிந்து வாழ்பவர் என்ற வேறுபாடு கிடையாது. இதைத் தனியாக எழுதக் காரணம் உண்டு. தனித்து வாழும் பெண்களை யாரும் முதல் சுற்றில் அழைப்பதில்லை. அவர்களும் தாமாக வந்து கேட்பதில்லை. குழு யாருக்கு மிகவும் பயன்படுமோ அவர்களே விட்டுப்போகிறார்கள் என்பதால், பட்டியல் எழுதும்போது அவர்களின் பெயரிலிருந்து தொடங்குங்கள்.

ஒருவர் ஒரு குழுவில் மட்டுமே இருக்க முடியும். உறுப்பினர் விவரங்கள் இப்போது, குழு விவரங்களுக்கான லோகோஸ் என்ற அரசுச் செயலியில் பதிவாகின்றன. வேறு குழுவில் பெயர் இருப்பதை மறைத்துச் சேர்ந்தால் பின்னர் தெரிந்துவிடும். அப்போது சங்கடப்படுவது அவர் மட்டுமல்லர், குழு முழுவதும்.

ஃபைனான்ஸ்காரங்க வந்து குரூப் சேக்கறாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

ஒன்றல்ல. ஆள் சேர்க்கும்போது மிக அதிகமாகக் குழப்பம் தருவதும், சரியாக விளக்காவிட்டால் முழு வேலையையும் கெடுத்துவிடுவதும் இந்தக் கேள்விதான். நுண்நிதி நிறுவனங்கள் சேர்ப்பது கூட்டுப் பொறுப்புக் குழு. அங்கே முதல் நாளே கடன்தான் பேச்சு. சேமிப்பு கிடையாது, பணம் நிறுவனத்தினுடையது, வட்டியையும் தவணையையும் நிறுவனமே முடிவு செய்யும், கட்டிய வட்டி நிறுவனத்துக்கே போகும். ஒருவர் தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் வசூல் முடியும்வரை எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருப்பதை நம் தெருக்களிலேயே பார்த்திருப்பீர்கள்.

சுய உதவிக் குழுவில் முதலில் வருவது சேமிப்பு. உள்கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ வட்டி வைத்தால், அந்த வட்டி குழுவின் கணக்கிலேயே சேர்ந்து, கடைசியில் உறுப்பினர்களுக்கே பங்காகும். இதை வாயால் சொல்வதைவிட, நன்றாக நடக்கும் பழைய குழு ஒன்றின் பொதுப் பேரேட்டை அவர்கள் சம்மதத்தோடு வாங்கி வந்து, வட்டி வரவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டுவது எளிது.

நுண்நிதிக் கடன் வைத்திருப்பவரைச் சேர்க்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஆனால், அவருக்கு எத்தனை வாரத் தவணைகள் ஓடுகின்றன என்பதைச் சேரும் முன்பே வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022 முதல் நுண்நிதிக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி விதித்திருக்கும் வரம்பு. அதே அளவுகோலை நீங்களும் மனக்கணக்காகப் போட்டுப் பார்க்கலாம்.

"சேந்தா எவ்வளவு லோன் கிடைக்கும்?"னுதான் மொதல்ல கேக்கறாங்க. என்ன சொல்றது?

உள்ளபடி சொல்லுங்கள், கணக்காகவே சொல்லுங்கள். 15 பேர் மாதம் 200 ரூபாய் சேமித்தால் மாதத்துக்கு 3,000 ரூபாய். ஆறு மாதத்தில் 18,000 ரூபாய். முதல் மாதத்திலிருந்தே இந்தப் பணத்தில் ஓரிருவருக்குச் சிறு கடன் கொடுக்கத் தொடங்கலாம். மூன்று மாதங்கள் ஒழுங்காக நடந்தால் தரம் பார்க்கப்பட்டு, தேறினால் சுழல் நிதி வரும். ஆறு மாதங்கள் சுறுசுறுப்பாக இயங்கிய குழு வங்கிக் கடனுக்குத் தகுதி பெறும். முதல் கடன் குழு மூலதனத்தின் (சேமிப்பு, வட்டி, சுழல் நிதி போன்றவை சேர்ந்த மொத்தம்) 6 மடங்கு அல்லது குறைந்தது 1.5 லட்சம் ரூபாய் என்பது வங்கிகளுக்கான வழிகாட்டுதல். 1.5 லட்சத்தை 15 பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பத்தாயிரம்தான். ஒழுங்காகக் கட்டக் கட்ட அடுத்தடுத்த கடன்கள் உயரும். 20 லட்சம் ரூபாய் வரை பிணையாக எதையும் வங்கி கேட்கக் கூடாது.

இதைக் கேட்டதும் சிலர் "அவ்வளவுதானா?" என்று எழுந்து போவார்கள். போகட்டும். "ஒரு லட்சம் வாங்கித் தரோம்" என்று பேசிச் சேர்க்கப்பட்ட குழுக்கள், முதல் வங்கிக் கடனைப் பிரித்துக்கொண்ட மாதத்தோடு கூட்டம் போடுவதை நிறுத்திவிடுவதை வட்டாரத்தில் உள்ள எல்லாரும் அறிவோம். உறுப்பினர் சேர்க்கையில் நான் பிடிவாதமாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான்: கடன் தொகையைச் சொல்லி யாரையும் கூப்பிடாதீர்கள். மருத்துவச் செலவுக்கு இரவில் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள், அவர் என்ன வட்டி கேட்கிறார், பள்ளி திறக்கும் மாதத்தில் எதை அடகு வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பேச்சில் ஆர்வம் காட்டுபவர் உங்கள் உறுப்பினர்.

எங்கிருந்து ஆரம்பிக்கிறது? வீடு வீடாப் போகணுமா, தண்டோரா போட்டாப் போதுமா?

தண்டோராவுக்கும் ஒலிபெருக்கிக்கும் வருபவர்கள் ஏதோ அரசு உதவித்தொகை கொடுக்கிறார்கள் என்று நினைத்து வருவார்கள். முதலில் உங்களோடு நிற்கக்கூடிய மூன்று பேரைத் தேடுங்கள். பிறகு அந்த மூவரும் தங்களுக்குத் தெரிந்த வீடுகளுக்குப் போகட்டும். நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் சாப்பாட்டு நேரம், ரேஷன் கடை வரிசை, பால் ஊற்றும் கூட்டுறவுச் சங்கம், புளி தட்டும் களம் ஆகிய இடங்களில் பேச்சுக் கொடுப்பது எளிது. கூலி வேலைக்குப் போகிறவர்களைப் பகல் பதினொரு மணிக்குத் தேடினால் கிடைக்க மாட்டார்கள் என்பதால், மாலை ஏழு மணிக்கு மேல் போங்கள்.

நடக்கும் குழுக் கூட்டம் ஒன்றுக்கு அவர்களைச் சும்மா பார்க்க அழைத்துச் செல்வது, எந்தப் பேச்சையும்விட நன்றாக வேலை செய்யும். எங்கள் பகுதியில் ஒரு குழு மாரியம்மன் கோயில் திண்ணையில் கூடும். பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்த பின் தகரப் பெட்டி நடுவில் வைக்கப்படும். ஒவ்வொருவரும் தன் சேமிப்பைப் பாயில் வைத்து, தொகையை வாய்விட்டுச் சொல்வார். எழுதுபவர் அதைத் திரும்பச் சொல்லிவிட்டுப் பாஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். கடைசியில் மொத்தப் பணத்தையும் வேறொருவர் எண்ணிப் பேரேட்டோடு ஒத்துப் பார்ப்பார். "இவ்வளவு பேர் முன்னாடி எண்ணினா எப்படிங்க ஏமாத்த முடியும்?" என்று பார்க்க வந்த ஒரு பாட்டி கேட்டார். அந்த நம்பிக்கையை நாம் பேசி உண்டாக்கியிருக்க முடியாது.

வரேங்கறாங்க, அப்புறம் "வீட்ல அவரைக் கேட்டுச் சொல்றேன்"னு இழுக்கறாங்க. அவங்க வீட்டுக்காரர்கிட்ட நாம பேசலாமா?

அந்தப் பெண் கேட்டுக்கொண்டால் பேசலாம், கேட்காமல் பேசாதீர்கள். கணவர்களின் அச்சம் பெரும்பாலும் இரண்டே: தன் பெயரில் கடன் விழுமோ, நுண்நிதிக்காரர் போல வீட்டு வாசலில் யாரேனும் வந்து நிற்பார்களோ. இரண்டுக்கும் நான்காம் கேள்வியின் பதிலே போதும். முதல் மூன்று கூட்டங்களுக்குச் சேமிப்பு மட்டுமே, யாருக்கும் கடன் இல்லை என்று குழு வைத்துக்கொண்டால் பல வீடுகளில் தயக்கம் அடங்கிவிடுகிறது.

சில வீடுகளில் உண்மையான எதிர்ப்பு, மனைவி வாரம் ஒரு மணி நேரம் வெளியே உட்காருவதற்குத்தான். அங்கே வாதம் பயன்படாது. கூட்டத்தை அந்தத் தெருவிலேயே, வெளிச்சம் இருக்கும் நேரத்தில் வைப்பது சில சமயம் உதவும். அடித்துத் துன்புறுத்தும் வீடாக இருந்தால், சேர்க்கும் முயற்சி அவருக்கே ஆபத்தாகிவிடக் கூடாது என்பதை முதலில் பாருங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணை அவருக்குத் தனியாகச் சொல்லி வையுங்கள்.

ஒரே வீட்டுல மாமியாரும் மருமகளும் கேக்கறாங்க. ரெண்டு பேரையும் சேத்துக்கலாமா?

ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர் மட்டுமே ஒரு குழுவில் இருக்கலாம். தனி அடுப்பு, தனிக் குடும்ப அட்டை என்றால் அது வேறு குடும்பம். அப்படியிருந்தாலும் அக்கா, தங்கை, ஓரகத்தி என்று நாலைந்து பேர் ஒரே குழுவில் வந்துவிட்டால், தீர்மானங்கள் அந்த வீட்டிலேயே முடிவாகிக் கூட்டத்துக்கு வரும். மற்றவர்கள் கையெழுத்து மட்டும் போடுவார்கள். ஆகவே, அடுத்தவரை அதே ஊரில் உள்ள வேறு குழுவுக்கு அனுப்புங்கள்.

ஊர்ல ரெண்டு பக்கமும் கலந்து சேத்தா பிரச்சினை வருங்கறாங்க. தெருவுக்கு ஒரு குழுவா வெச்சுக்கட்டுமா?

"ரெண்டு பக்கம்" என்பது ஊரையும் காலனியையும் குறிக்கிறது என்று வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அருகருகே வசிப்பவர்கள் குழுவாக இருக்க வேண்டும் என்பது நடைமுறைத் தேவை. நம் ஊர்களில் தெருக்களே சாதிவாரியாக அமைந்திருப்பதால் பெரும்பாலான குழுக்கள் ஒரே சாதிக் குழுக்களாகிவிடுகின்றன. அப்படி அமைவதை விதி தடுப்பதில்லை. ஆனால், சேர வந்த ஒருவரைச் சாதி காரணமாக மறுப்பதை எந்தக் குழுவும் செய்யக் கூடாது. அதற்குக் கூட்டமைப்பு துணை போகவும் கூடாது.

கலந்த குழுக்கள் எங்கள் வட்டாரத்தில் நடக்கின்றன. அவை நிலைத்த இடங்களில் எல்லாம், கூட்டம் ஒருவர் வீட்டுத் திண்ணையில் நடக்காமல் அங்கன்வாடி, ஊராட்சிச் சேவை மையக் கட்டடம், பள்ளி வளாகம் போன்ற பொது இடத்தில் நடப்பதைக் கவனித்திருக்கிறேன். யார் யார் வீட்டுப் படியேறுவது, யார் கொடுத்த தண்ணீரைக் குடிப்பது என்ற கேள்விகள் அங்கே எழுவதில்லை. தெருவுக்கு ஒரு குழு என்றே அமைந்துவிட்டாலும், எல்லாக் குழுக்களும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் ஒரே பாயில் உட்கார வேண்டியிருக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ரொம்பக் கஷ்டப்படறவங்களால மாசம் இருநூறு கட்ட முடியாதே. அவங்கள விட்டுட்டு மத்தவங்கள வெச்சு ஆரம்பிக்கலாமா?

விடாதீர்கள். தொகையைக் குறையுங்கள். சேமிப்புத் தொகை எவ்வளவு என்பதைக் குழுதான் முடிவு செய்கிறது. எனவே, உள்ளவர்களில் மிக ஏழையால் எவ்வளவு முடியுமோ அதிலிருந்து தொடங்குவதே முறை. வாரம் 20 ரூபாயில் தொடங்கிய குழுக்கள் உண்டு. வசதியுள்ளவர் கூடுதலாகச் சேமிக்க விரும்பினால், அதை விருப்பச் சேமிப்பாகத் தனியாக எழுதலாம். கட்டாயச் சேமிப்பு எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

கூலி நாளும் கூட்ட நாளும் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். சனிக்கிழமை கூலி வாங்குகிறவரிடம் வெள்ளிக்கிழமை சேமிப்புக் கேட்டால், அவரால் கொடுக்க முடியாது. நாம் அவரைக் "கட்டாதவர்" என்று எழுதி வைப்போம்.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிட்டு வரவங்களச் சேத்துக்கலாமா?

நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. தொடர்ந்து மாதக்கணக்கில் வெளியூரில் இருப்பவரைச் சேர்த்தால் வருகைப் பதிவு குறையும். தரம் பார்க்கும்போது வருகை, சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குப் புத்தகம் ஆகிய ஐந்தும் பார்க்கப்படுவதால் குழுவின் மதிப்பெண் அடிபடும். ஆனால், திருவிழாவுக்கும் விதைப்புக்கும் வந்து சில வாரங்கள் தங்கிப் போகிறவரின் நிலை வேறு. கூட்டத்தை மாதமிருமுறையாக்கி, வர இயலாத நாளுக்கான சேமிப்பை யார் மூலம் அனுப்புவது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டால், குழுவில் ஓரிருவர் அப்படி இருப்பதைச் சமாளிக்கலாம். பாதிப் பேர் அப்படி என்றால் முடியாது.

எங்கள்ல யாருக்கும் சரியா எழுதப் படிக்கத் தெரியாது. குழு வெக்க முடியுமா?

முடியும். கணக்கு எழுத, குழுவில் உள்ளவரின் படித்த மகளையோ, பக்கத்துக் குழுவின் எழுத்தரையோ சிறு ஊதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தொகையை வாய்விட்டுச் சொல்லி எண்ணும் வழக்கம் (ஆறாம் கேள்வியில் சொன்னது) இத்தகைய குழுக்களுக்கு இன்னும் அவசியம். கைரேகை வைப்பவருக்கு, எந்தத் தாளில் எதற்காக வைக்கிறார் என்று கூட்டத்தில் படித்துச் சொல்லிய பிறகே மை டப்பாவைத் திறக்க வேண்டும்.

அறுபது தாண்டின பாட்டிங்களும், கால் நடக்க முடியாதவங்களும் கேக்கறாங்க. எந்தக் குழுவுல சேக்கறது?

மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் தனிச் சிறப்புக் குழுக்கள் அமைக்கலாம். இவற்றில் 5 பேர் போதும், ஆண்களும் இருக்கலாம். திருநங்கைகளுக்கும் இவ்வாறே தனிக் குழு அமைக்கலாம். மாற்றுத்திறனாளிப் பெண் ஒருவர் தன் தெருவின் வழக்கமான குழுவிலேயே இருக்க விரும்பினால், அதற்கும் தடை இல்லை. எங்கே சேர்வது என்பது அவர் விருப்பம். படி ஏற முடியாதவர் இருக்கும் குழு, படியில்லாத இடத்தில் கூட வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவங்க பழைய குழுவுல கடன் கட்டாம விட்டவங்க. சேத்தா நமக்கு பேங்க் லோன் நின்னுடுமா?

குழுவே கடனைக் கட்டாமல் இருந்தால்தான் கடன் நிற்கும். உறுப்பினர் ஒருவரோ அவர் குடும்பத்தாரோ முன்பு வங்கிக் கடனைக் கட்டத் தவறியிருந்தால், அதைக் காரணம் காட்டி வங்கி பொதுவாக மொத்தக் குழுவுக்கும் கடனை மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல். ஆனால், அந்த வங்கிக்குப் பாக்கி வைத்திருப்பவருக்கு, வங்கி தரும் குழுக் கடனிலிருந்து பங்கு கொடுக்க முடியாது.

ஆகவே, வங்கி என்ன சொல்லும் என்பதைவிட, அவர் ஏன் கட்டவில்லை என்பதே முக்கியம். அறுவை சிகிச்சையாலோ, மாடு செத்துப் போனதாலோ தவறியவரையும், வாங்கிய பணத்தை வேறொருவருக்குக் கூடுதல் வட்டிக்கு விட்டவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அவர் இருந்த பழைய குழுவின் ஊக்குநரிடம் (குழுவின் தலைமைப் பொறுப்பாளர்) விசாரியுங்கள். பாக்கியை எப்படித் தீர்ப்பார் என்பதை அவரே கூட்டத்தில் சொல்லட்டும்; அதை வைத்து முடிவெடுங்கள்.

குழுவுல சேந்தா மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபா நின்னுடுங்கறாங்களே?

நிற்காது. 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்துக்கான தகுதி, குடும்ப வருமானம், நிலம், மின் பயன்பாடு போன்றவற்றை வைத்தது. சுய உதவிக் குழுவில் இருப்பது ஒருவரைத் தகுதி இழக்கச் செய்வதில்லை.

தள்ளுபடி பண்ணிருவாங்க, சேந்து வாங்கிக்கங்கன்னு சிலர் சொல்லியே ஆள் சேக்கறாங்க. நெசமா?

கூட்டுறவுச் சங்கங்களில் 31.03.2021 நிலவரப்படி நிலுவையில் இருந்த மகளிர் குழுக் கடன்களைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது உண்மை. வணிக வங்கிகளில் வாங்கிய குழுக் கடன்கள் அதில் அடங்கவில்லை. "அடுத்த தேர்தலுக்குள்ள தள்ளுபடி வரும்" என்று நம்பித் தவணையை நிறுத்திய குழுக்களுக்கு வங்கி அடுத்த கடனைக் கொடுப்பதில்லை. நிறுத்தியவர்களோடு சேர்ந்து கட்டியவர்களும் பாதிக்கப்படுகிறார்கள். தள்ளுபடியைச் சொல்லி ஆள் சேர்ப்பவரோடு நீங்கள் சேர்ந்து போகாதீர்கள்.

யாரை ஊக்குநராப் போடறது? வார்டு மெம்பர் அம்மாவையே போட்டா காரியம் ஆகுமே?

ஊக்குநர் ஒருவரையும் பிரதிநிதிகள் இருவரையும் உறுப்பினர்கள் சேர்ந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆள் சேர்க்கும்போதே "நான்தான் தலைவி" என்று சொல்லிக்கொண்டு வருபவரைக் கண்டு சற்று எச்சரிக்கையாக இருங்கள். மக்கள் பிரதிநிதியும் உறுப்பினராகச் சேரலாம். ஆனால், அவரை ஊக்குநராக்கினால், கட்சிக் கூட்டத்துக்கு ஆள் அனுப்பும் பட்டியலாகக் குழு மாறிவிடும் வாய்ப்பு அதிகம். அதிகாரிகளிடம் காரியம் ஆக வேண்டுமானால், அதற்கு ஊராட்சிக் கூட்டமைப்பும், ஊராட்சி ஒன்றிய அலுவலக வளாகத்தில் உள்ள வாழ்வாதார இயக்கத்தின் வட்டார அலுவலகமான வட்டார இயக்க மேலாண்மை அலகும் இருக்கின்றன.

பொறுப்பாளர்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவோம் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதிவிடுங்கள். பிறகு எழுத முயன்றால், அது ஒரு நபருக்கு எதிரான தீர்மானமாகத் தெரியும்.

அஞ்சு வருசமா நடக்குற குழுவுல ரெண்டு இடம் காலியா இருக்குது. புதுசா வர்றவங்க பழைய சேமிப்பு முழுக்கக் கட்டணுமா?

விதியில் ஒரே விடை இல்லை. குழு தீர்மானிக்க வேண்டும். கணக்கைப் பார்ப்போம். மாதம் 200 ரூபாய் வீதம் ஐந்து ஆண்டுகளில் பழைய உறுப்பினர் ஒவ்வொருவரின் சேமிப்பும் 12,000 ரூபாய். அதோடு உள்கடன் வட்டியால் வந்த லாபமும் பொதுவில் இருக்கும். புதியவரிடம் 12,000 ரூபாயை ஒரே நாளில் கேட்டால், வசதியுள்ளவர் மட்டுமே உள்ளே வர முடியும். கேட்காமல் விட்டு, லாபத்தில் மட்டும் சமபங்கு கொடுத்தால் பழையவர்கள் முணுமுணுப்பார்கள்.

நடைமுறையில் சண்டை வராத வழி இது: புதியவர் சேர்ந்த தேதியில் குழுவின் சொத்து, கடன், லாபம் எல்லாவற்றையும் எழுதி, அன்றுவரையிலான லாபம் பழையவர்களுக்கு மட்டுமே உரியது என்று தீர்மானம் போடுங்கள். புதியவரின் சேமிப்பு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அன்றிலிருந்து வரும் லாபத்தில் அவருக்கும் பங்கு உண்டு. அவர் பெறக்கூடிய உள்கடனின் அளவைச் சில மாதங்களுக்கு அவர் சேமிப்பை ஒட்டியே வைத்துக்கொள்ளலாம். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் வங்கிக் கடனுக்கு அவர் பொறுப்பல்ல என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். ஒருவர் விலகும்போதும் இதே ஒழுங்குதான்: அவர் பாக்கியைக் கழித்துக்கொண்டு, சேமிப்பையும் அன்றுவரையிலான லாபப் பங்கையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும்.

இருபதுக்கு மேல வந்துட்டாங்க. எல்லாரையும் சேத்துக்கிட்டா என்ன?

20 என்ற எண் சும்மா வந்ததல்ல. 20 பேருக்கு மேல் சேர்ந்து லாப நோக்கில் தொழில் நடத்தினால் பதிவு செய்தாக வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் சொன்னதால், பதிவு தேவைப்படாத குழுக்களுக்கு அந்த எல்லை வைக்கப்பட்டது. சட்டம் பின்னர் மாறியது. குழு விதி அப்படியே தொடர்கிறது. 24 பேர் வந்துவிட்டால் 12, 12 என்று இரண்டு குழுவாக்குங்கள். பிரிக்கும்போது நன்றாகப் பேசத் தெரிந்தவர்களை எல்லாம் ஒரே பக்கம் விட்டுவிடாதீர்கள்.

ரெண்டு பேர்தான் குறையுது. சொந்தக்காரங்க ஆதாரை வாங்கிப் பேருக்கு மட்டும் சேத்துக்கலாமா? அவங்க வர வேண்டியதில்ல.

கூடாது. குழுவின் சேமிப்புக் கணக்கைத் தொடங்கும்போது வங்கி பொறுப்பாளர்களின் ஆவணங்களை மட்டுமே பார்க்கக்கூடும் என்பதால், இது எளிதாகத் தோன்றும். வங்கிக் கடன் வாங்கும்போது உறுப்பினர் எல்லாரும் தங்களுக்கிடையேயான உள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அந்தக் கடனுக்கு எல்லாரும் கூட்டாகப் பொறுப்பாகிறார்கள். பெயருக்குச் சேர்ந்த உங்கள் சித்தி மகள் ஒரு ரூபாய்கூடத் தொடாமலே கடன்காரியாகிறாள். அவள் பங்குக் கடனை "நானே எடுத்துக் கட்டிக்கிறேன்" என்று இன்னொருவர் வாங்கிக்கொள்வதுதான் அடுத்து நடப்பது. அவர் இரட்டைத் தவணை கட்ட முடியாமல் தடுமாறும்போது, குழு விசாரிக்க வேண்டிய ஆளே கூட்டத்தில் இருக்க மாட்டாள்.

ஏற்கனவே அப்படிச் சேர்த்துவிட்டீர்கள் என்றால், வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் தீர்மானம் போட்டு அந்தப் பெயர்களை நீக்கி, கூட்டமைப்பின் மூலம் லோகோஸ் பதிவிலும் திருத்திவிடுங்கள். கடன் வாங்கிய பிறகு இது பல மடங்கு கடினம்.

மூணு மாசமாச் சுத்தறோம், ஒம்பது பேருக்கு மேல சேரல. விட்டுடலாமா?

விட வேண்டாம், ஆனால், எண்ணிக்கைக்காக முந்தைய கேள்வியின் வழிக்கும் போக வேண்டாம். ஒன்பது பேரும் இப்போதே கூடிச் சேமிக்கத் தொடங்கலாம். தீர்மானப் புத்தகம், வருகைப் பதிவேடு, சேமிப்புப் பேரேடு மூன்றையும் முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். பணத்தை யாருடைய சொந்தக் கணக்கிலும் போடாமல், பெட்டியில் வைத்து உள்கடனாகச் சுற்றில் விடுங்கள். நடக்கும் கூட்டத்தைப் பார்த்து ஓரிருவர் தாமாக வருவது சாதாரணம், குறிப்பாக முதல் உள்கடன் கைக்கு வந்த செய்தி தெருவில் பரவிய பிறகு.

அப்படியும் எண்ணிக்கை எட்டவில்லை என்றால், பக்கத்துக் குக்கிராமத்தில் இதேபோல ஆள் குறைவாக நிற்கும் குழு உண்டா என்று ஊராட்சிக் கூட்டமைப்பில் கேளுங்கள். ஆறு பேர், ஏழு பேர் என்று தேங்கி நிற்கும் குழுக்கள் அநேகமாக எல்லா ஊராட்சியிலும் இருக்கும். நடந்து போகும் தூரமாக இருந்தால் இரண்டையும் இணைத்து, இரு ஊருக்கும் நடுவில் ஓர் இடத்தில் கூட்டம் வைத்துக்கொள்ளலாம். இணைக்கும் நாளில் இரு பக்கத்துச் சேமிப்பையும் தனித்தனியாக எண்ணி எழுதிய பிறகே ஒரே பெட்டியில் போட வேண்டும்.